தவளைக் கொல்லியின் பூர்வீகம்

ஆனைமலைச் சோலைகளில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் எழும் தவளைக் குரலைக் கொங்கு நாட்டில் நற்குறியாகவே கொள்கிறோம். பிற கண்டங்களில் அக்குரலை அடக்கிய ஒரு நோயின் பூர்வீகத்தை இங்கே தேட முற்படுகிறோம்.

1998இல் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் தவளைகள் கூட்டமாக மடிந்ததற்குக் காரணம் கைட்ரிட் என்னும் நீர்ப்பூஞ்சை எனக் கண்டறிந்தனர். தவளை தோலாலேயே நீர் பருகும். ஓரளவு மூச்சும் விடும். பூஞ்சை அத்தோலில் குடியேறியதும் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து, இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. 501 இனங்கள் நலிந்தன, அவற்றுள் 90 அற்றுப்போயின என்பது 2019இல் வெளியான ஒரு கணக்கு.

முதற்பழி ஆப்பிரிக்காவின் மீது விழுந்தது. 1930கள் முதல் கருத்தரிப்புச் சோதனைக்காகத் தென்னாப்பிரிக்க நகத்தவளைகள் நாடு நாடாக அனுப்பப்பட்டன. கருவுற்றவளின் சிறுநீரை ஊசிவழி ஏற்றினால் பெண் தவளை முட்டையிடும். (நம் மருத்துவச்சிகள் நாடி பிடித்தே சொன்ன செய்திக்கு இத்தனை கப்பற்பயணம்!) அருங்காட்சியகப் புட்டியில் கிடந்த 1938ஆம் ஆண்டுத் தவளையொன்றில் பூஞ்சை தென்படவே, 2004இல் அக்கருத்து வலுத்தது. பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து 1888ஆம் ஆண்டு மாதிரியிலும் அது கிடைக்க, கருத்து ஆட்டங்கண்டது. 2018இல் 234 மாதிரிகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டவர்கள் கிழக்காசியாவை, குறிப்பாகக் கொரியத் தீபகற்பத்தை, மூலமாகச் சுட்டினர். கொள்ளைநோயான மரபு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளைத்து, வணிகத்தோடு பரவியதாம்.

நம் மலைகளில் 2011இல் இப்பூஞ்சை பதிவானது. கோவையிலிருந்து இயங்கும் ஜூ அவுட்ரீச் நிறுவனத்தாரும் பங்குகொண்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதித் தவளைகளில் இருப்பது ஆசியாவுக்கே உரிய வகை எனக் கண்டது. பனாமாவில் நேர்ந்தது போன்ற பேரழிவு இங்கே பதிவாகவில்லை. நெடுங்காலம் உடன் வாழ்ந்த பழக்கம் காரணமாக இருக்கலாம்.

ஆயினும் நம் தவளைகள் பழகியது உள்ளூர் வகையோடுதான். பிற கண்டங்களில் கொன்ற மரபு, செல்லப்பிராணிச் சந்தை வழியே ஒரு கண்ணாடித் தொட்டியில் வந்திறங்கினால் அப்பழக்கம் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்த நாடு நாம். வெளியே போவதைத் தடுத்தோம், உள்ளே வருவதன் மீது அந்தக் கண்டிப்பைக் காட்டவில்லை என்பதே நம் குறை.

பனாமாவின் எல் கோப்பே காட்டில் 2004இல் தவளைகள் மடிந்தன. அதன்பின் அங்கே பாம்பினங்களும் குறைந்ததை 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இரையில்லாத பாம்புகள் மெலிந்திருந்தனவாம். நம் வாய்க்கால் வரப்பில் தண்ணீர்ப்பாம்பு எதைத் தின்று வாழ்கிறது என்பதை உழவர்க்குச் சொல்லத் தேவையில்லை.