சக்கரத்துக்கும் ஒரு பூட்டு!

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை குடும்பத்தோடு சிதம்பரத்துக்குக் காரில் கிளம்பினார். வடலூரைத் தாண்டியதும் பஞ்சர்!

டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர் எல்லாமே தயார். பக்கத்து பஞ்சர் கடைப் பையன் ஓடி வந்தான். மூன்று நட்டுகள் மளமளவென்று கழன்றன. நான்காவதில் ஸ்பானர் பிடிக்கவே இல்லை. ''சார், இது லாக் நட்டு. இதுக்குன்னு தனியா ஒரு சாவி வரும். அதைக் குடுங்க, ரெண்டே நிமிஷம்!'' என்றான். நண்பர் திருதிருவென்று விழித்தார். சாவி, நெய்வேலி குவார்ட்டர்ஸில் பீரோவுக்குள் படுபத்திரமாக இருந்தது!

திருடன் யாரும் வரவில்லை. ஆனாலும் பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது... சொந்தக்காரரிடமே!

நெய்வேலிக்காரர்களுக்குச் சக்கரம் புதிதல்ல. 1957 மே மாதம் பிரதமர் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மேல் மண்ணை வாரிக்கொட்ட ஜெர்மனியிலிருந்து வந்தவை, சக்கரத்தைச் சுற்றி வாளிகள் கட்டிய ராட்சத யந்திரங்கள். அந்தச் சக்கரத்தை எந்தத் திருடனும் கழற்றி, தோளில் போட்டுக்கொண்டு ஓட முடியாது. கார் சக்கரம் அப்படியா?

வேடிக்கை என்னவென்றால், ஆரம்ப காலத்தில் கார் சக்கரத்தையும் லேசில் கழற்ற முடியாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே டயரை நெம்பி எடுத்து, ட்யூபுக்கு ஒட்டுப்போட வேண்டும். கோட்டு சூட்டு கனவான்களுக்கு அது நரகவேதனை!

1904-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், லனெல்லி என்ற ஊரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்விகளால் மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டலாம். அவருடைய கடை இருந்த தெருவின் பெயர் 'ஸ்டெப்னி ஸ்ட்ரீட்'. ஆம், நாம் இன்றைக்கும் வாய் நிறையச் சொல்கிற அதே ஸ்டெப்னிதான்! வேல்ஸில் ஒரு தெருவின் பெயர், வடலூர் பஞ்சர் கடைவரை வந்துவிட்டது.

அடுத்து, 1908 வாக்கில் ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி, சக்கரத்தையே முழுசாகக் கழற்றி மாட்டும் வசதியைக் கொண்டு வந்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. வண்டி ஓட ஓட அது தளர்ந்துவிடக் கூடாதே என்று, ஒரு பக்கத்துக்கு வலம்புரி மரை, மறுபக்கத்துக்கு இடம்புரி மரை! பிறகு நாலு நட்டு, ஐந்து நட்டு சக்கரங்கள் வந்தன. சக்கரம் மாற்றுவது பத்து நிமிட வேலையாயிற்று.

யாருக்கு? உங்களுக்கும்தான், திருடனுக்கும்தான்!

இரும்புச் சக்கரத்துக்குப் பெரிதாக மவுசு இல்லை. 1924-ல் புகாட்டி பந்தயக் காரில் பளபளத்த அலாய் சக்கரம், பிற்பாடு சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வந்தபோதுதான் சக்கரத் திருட்டு நல்ல வியாபாரமானது. ராத்திரி நிறுத்திய கார், காலையில் செங்கல் மேல் நின்றது. அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் லாக் நட்டு. சக்கரத்துக்கு ஒன்று போதும். அதன் தலையில் கோணல்மாணலாக ஒரு பள்ளம். அதற்குப் பொருந்துகிற மேடு, சாவியில்.

''அப்போ திருடவே முடியாதா?'' என்று கேட்கிறீர்களா? லண்டனில் ஜோசப் பிரமா என்பவர் 1784-ல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 'இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு' என்று அவருடைய கடை ஜன்னலில் சவால் தொங்கியது. அறுபது வருடத்துக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து திறந்தே விட்டார்! ஆனால் ஒன்று, அவருக்கு 51 மணி நேரம் பிடித்தது, 16 நாட்களில். அந்தச் சேதியைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். பூட்டு திருடனைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. தெருவில் நிற்கும் திருடனுக்கு அந்த நேரம் கிடையாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம திண்டுக்கல் பூட்டுக்கும் இதே கணக்குதான்.

எனவே வாங்கும்போது கவனியுங்கள். உங்கள் காருக்கு நட்டா, போல்ட்டா? மரை அளவு என்ன? சக்கரத்தில் அது உட்காரும் இடம் கூம்பா, உருண்டையா, தட்டையா? இது பொருந்தாவிட்டால் திருட்டைவிடப் பெரிய ஆபத்து, ஓடும்போதே சக்கரம் தளர்ந்துவிடும்! வெளிப்புற வளையம் தனியாகச் சுற்றுகிற மாதிரி நட்டு இருந்தால் நல்லது. திருடன் இடுக்கி போட்டுத் திருகினாலும் வளையம்தான் சுற்றும்.

மாட்டும்போது முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடுக்கச் சொல்லுங்கள். காற்றழுத்தத் துப்பாக்கியை லாக் நட்டின் சாவியில் வைக்க விடாதீர்கள். சாவியின் பள்ளம் மேடு நசுங்கினால், அப்புறம் நீங்களும் திருடனும் ஒன்றுதான்! சர்வீசுக்கு விட்டால், வண்டியை வாங்கும்போது சாவியையும் கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்கு நண்பர் பஸ் பிடித்து நெய்வேலி போய், சாவியோடு திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குழந்தைகள் பஞ்சர் கடை பெஞ்சில் தூங்கிவிட்டார்கள். இப்போது சாவி டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் குறியீட்டு எண் எழுதிய அட்டை மட்டும் பீரோவில். சாவி தொலைந்தாலும் அந்த எண்ணைக் கொடுத்து வேறு வாங்கலாம்.

உங்கள் காரின் லாக் நட்டு சாவி இப்போது எங்கே இருக்கிறது? படிப்பதை நிறுத்திவிட்டு, ஒருமுறை டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்களேன்!