சிங்கம் - சொல்லும் ஆட்பெயரும்

சிங்கப்பெருமாள் கோயில் என்பது செங்கல்பட்டுக்கு வடக்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் ஆகும். இங்குள்ள குன்றில் பல்லவர் காலக் குடைவரைக் கோயிலில் எழுந்தருளியுள்ள நரசிம்மரின் பெயரே ஊருக்கு வழங்குகிறது. இவர் பாடலாத்ரி நரசிம்மர் எனப்படுகிறார். பாடலம் செந்நிறத்தையும், அத்ரி மலையையும் குறிக்கும் வடசொற்கள்.

சொற்பிறப்பு

சிங்கம் என்பது 'சிம்ஹ' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். தமிழில் ஹகர ஒலி இல்லாததால் அது ககரமாயிற்று. எனவே நரசிம்மன், நரசிங்கம் ஆகிய இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்களே. 'நர' என்பது மனிதனைக் குறிக்கும். சிங்கத்துக்கு அரிமா, மடங்கல், கோளரி என்ற பெயர்களும் தமிழில் உண்டு. லயன்ஸ் சங்கம் தமிழில் அரிமா சங்கம் ஆனது இவ்வழக்கைப் பின்பற்றியே. பஞ்சாபியரின் சிங், சிங்கப்பூர் ஆகிய பெயர்களும் இதே வடசொல்லிலிருந்து வந்தவை.

பல்லவர் பெயர்கள்

பல்லவ மன்னர்கள் இச்சொல்லை விரும்பிச் சூடினர். சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், இராஜசிம்மன் ஆகியவை சான்றுகள். வர்மன் என்பதிலுள்ள 'வர்ம' கவசத்தைக் குறிக்கும். முதலாம் நரசிம்மவர்மன் (பொ.ஊ. 630–668) மாமல்லன் என்ற பட்டம் பெற்றவன். மல்லன் என்றால் மற்போர் வீரன். மாமல்லன் என்றால் பெரும் மற்போர் வீரன். மாமல்லபுரம் என்ற ஊர்ப்பெயர் இப்பட்டத்தோடு இணைத்து விளக்கப்படுகிறது.

ஒலி ஒற்றுமையால் வரும் குழப்பம்

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரு பெயர்களின் வேர் ஒன்றாகிவிடாது. சிங்காரம், சிங்காரவேலன் ஆகிய பெயர்களில் சிங்கம் இல்லை. அவை 'சிருங்கார' என்னும் வடசொல்லிலிருந்து வந்தவை. அழகு, ஒப்பனை என்பது பொருள். 1923 இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய ம. சிங்காரவேலரின் பெயரும் இவ்வகையினதே.

ஊர்ப்பெயரில் இக்குழப்பம் நேர்ந்தால் வரலாறே மறைந்துவிடும். மாமல்லபுரம் பிற்காலத்தில் மகாபலிபுரம் என்றும் வழங்கலாயிற்று. மகாபலி புராணத்து அரசன். மாமல்லனோ காஞ்சியிலிருந்து ஆண்டு, 642 இல் வாதாபியைக் கைப்பற்றிய வரலாற்று மன்னன். மகாபலிபுரம் என்ற பெயரை மட்டும் அறிந்த மாணவருக்கு அவ்வூரின் பல்லவத் தொடர்பு பெயரிலிருந்து புலப்படாது. இன்று தமிழ்நாட்டின் அலுவல் வழக்கில் மாமல்லபுரம் என்றே எழுதப்படுகிறது.