தண்ணீர் குறைந்தது, நேரம் நீண்டது: டிஷ்வாஷரின் செயல்திறனும் பாதுகாப்பும்

பழைய டிஷ்வாஷரைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கிய அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். பழையது ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தது, புதியது மூன்று மணி நேரம் ஓடுகிறது என்கிறார்கள். பழையதைத் திறந்தால் தட்டுகள் சுடச்சுடக் காய்ந்திருக்கும், புதியதில் பிளாஸ்டிக் டப்பாக்களின் மேல் ஈரம் நிற்கிறது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் அதை வைத்துப் பழையதே மேல் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. இந்த இயந்திரம் எதைக் கொண்டு அழுக்கை நீக்குகிறது என்பதே கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் மாறிவிட்டது. அதனால் வரக்கூடிய ஆபத்துகளும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்திருக்கின்றன.

1850-இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜோயல் ஹோட்டன் ஒரு மர இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுற்றினால் பாத்திரங்களின் மேல் தண்ணீர் சிதறும். கழுவியது என்று சொல்வதைவிட நனைத்தது என்று சொல்வதே பொருந்தும். 1860களில் எல்.ஏ. அலெக்சாண்டர் பற்சக்கரம் வைத்து, பாத்திரத் தட்டையே தண்ணீருக்குள் சுழலவிட்டுப் பார்த்தார். அதுவும் பெரிதாக எடுபடவில்லை.

உண்மையில் வேலை செய்த முதல் இயந்திரம் இலினாய்ஸ் மாநிலத்தின் ஷெல்பிவில் என்ற சிற்றூரில் பிறந்தது. அதை உருவாக்கிய ஜோசஃபின் காக்ரன் பொறியியல் படித்தவர் அல்லர். 1883-இல் கணவர் இறந்தபோது அவருக்கு மிஞ்சியது பெரும்பாலும் கடன்தான். ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கின் துணையுடன் வீட்டின் பின்புறக் கொட்டகையில் அவர் இயந்திரத்தைக் கட்டினார். தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றையும் அளவெடுத்து, அவை அசையாமல் உட்காரும்படி கம்பிக் கூடுகளை வளைத்தார். அந்தக் கூடுகளை ஒரு செப்புக் கொப்பரைக்குள் படுக்கை வாட்டில் கிடந்த சக்கரத்தில் பொருத்தினார். சக்கரம் சுழலச் சுழல, அடியிலிருந்து சோப்புக் கலந்த வெந்நீர் பீய்ச்சியடித்தது. 1886 டிசம்பர் 28 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முந்தியவர்களில் சிலர் பிரஷ்ஷாலும் துடுப்பாலும் அழுக்கைத் தேய்க்க முயன்றார்கள். பாத்திரத்தைத் தொடாமல் நீரின் வேகத்தாலேயே அழுக்கை எடுக்கலாம் என்பதை நடைமுறையில் காட்டியவர் இவர். இன்றைய இயந்திரங்கள் அத்தனையும் அந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் பரிசு பெற்றது. ஓட்டல்களும் மருத்துவமனைகளும் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இயந்திரம் கேட்ட அளவு வெந்நீரைக் கொடுக்க அன்றைய வீட்டு பாய்லர்களால் முடியவில்லை. 1913-இல் காக்ரன் மறைந்தார். அவருடைய நிறுவனத்தை 1926-இல் ஹோபார்ட் வாங்கியது. அந்த வழியில் வந்த வீட்டு டிஷ்வாஷர் கிச்சன்எய்ட் என்ற பெயரில் 1949-இல் கடைக்கு வந்தது. இதற்கிடையில் 1924-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ், முன்பக்கக் கதவும் கம்பித் தட்டும் சுழலும் தெளிப்பானும் கொண்ட சிறிய வீட்டு இயந்திரத்தை வடிவமைத்தார். ஜெர்மனியின் மீலே நிறுவனம் 1929-இல் ஐரோப்பாவின் முதல் மின்சார டிஷ்வாஷரை வெளியிட்டது.

பழைய இயந்திரத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் சரியான கருவி ஒரு வேதியியலாளரிடமிருந்து கிடைக்கிறது. ஹென்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர், எந்தக் கழுவலும் நான்கு காரணிகளின் கூட்டுப்பயன் என்று 1959-இல் விளக்கினார். வேதிப்பொருள், நீர் மோதும் விசை, வெப்பம், நேரம் என்பவையே அவை. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதேனும் ஒன்றைக் கூட்டியே ஆக வேண்டும். 1960, 70களின் இயந்திரம் நேரத்தைக் குறைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் தாராளமாகச் செலவழித்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், காரம் மிகுந்த சோப்புத்தூள், அதில் பாஸ்பேட்டும் குளோரினும், போதாததற்குக் கொள்கலன் நிறையப் பலமுறை புதுத்தண்ணீர். அப்படியிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஏன் வேலை முடியாது?

அன்று ஒரு சுற்றுக்கு நாற்பது லிட்டருக்கும் மேல் தண்ணீர் போவது ஐரோப்பாவில் சாதாரணம். இன்றைய நல்ல இயந்திரத்துக்குப் பத்து லிட்டர் அளவே போதும். இது நிறுவனங்களின் நல்லெண்ணத்தால் மட்டும் வந்துவிடவில்லை, சட்டமும் விரட்டியது. 1988 முதல், சூடாக்காமல் உலர்த்தும் வசதியும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. 1994-இல் மின்திறன் அளவுகோல் வந்தது. 2010-இல் ஒரு சுற்றுக்கு 6.5 கேலன், அதாவது சுமார் 24.6 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு வந்தது. 2013 மே மாதம் அது 5 கேலனாக, ஏறத்தாழ 19 லிட்டராக இறங்கியது. ஆண்டு மின்செலவுக்கு 307 யூனிட் என்ற உச்சவரம்பும் கூடவே வந்தது. ஐரோப்பாவில் 1999 முதல் மின்திறன் முத்திரை நடப்பில் உள்ளது. எல்லா இயந்திரமும் மேல்தரத்தில் குவிந்துவிட்டதால், 2021 மார்ச்சில் அளவுகோலையே திருத்தி ஏ முதல் ஜி வரை புதிதாக வரையறுத்தார்கள்.

தண்ணீரும் வெப்பமும் குறைந்ததால் நேரம் நீண்டது. மூன்று மணி நேர ஈக்கோ சுற்றின் ரகசியம் இவ்வளவே. மிதமான சூட்டில் நொதிகள் மெதுவாக வேலை செய்கின்றன. காய்ந்த முட்டையையும் பருப்பையும் புரதநொதி அரிக்கிறது, ஒட்டிய சோற்றை மாவுச்சத்து நொதி கரைக்கிறது. குளோரின் நொதிகளைச் சிதைத்துவிடும் என்பதால் அது சோப்பிலிருந்து வெளியேறியது.

இதோடு உணரியும் சேர்ந்தது. கழுவிய நீருக்குள் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்று பார்த்து, இன்னொரு முறை தண்ணீர் எடுப்பதா வேண்டாமா என்று இயந்திரமே முடிவு செய்கிறது. இதில் ஒரு சிக்கலும் வந்தது. அமெரிக்க அரசின் பழைய சோதனை முறையில் சுத்தமான தட்டுகளை அடுக்கித்தான் மின்செலவை அளந்தார்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதைக் கண்ட உணரி, குறைந்த தண்ணீரோடு சுற்றை முடித்துவிடும். வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஓடும்போது ஆகும் செலவு வேறு, முத்திரையில் அச்சான எண் வேறு. 2003-இல் சோதனை முறையைத் திருத்தி, உணரி உள்ள இயந்திரங்களை அழுக்குத் தட்டுகளோடு சோதிக்க விதி செய்தார்கள். முத்திரை எண்களைப் படிக்கும்போது, எந்தச் சோதனையில் கிடைத்த எண் என்று கேட்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இது நல்ல சான்று.

கையால் கழுவுவதோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கர் குழு இதை முறையாக அளந்தது. ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரிடம் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட அளவு அழுக்குப் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். சராசரியாக ஒருவர் 103 லிட்டர் தண்ணீரும் 2.5 யூனிட் மின்சக்தியும் செலவழித்தார். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஒரு தொட்டியில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர் வைத்துச் சிக்கனமாகக் கழுவினால், பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் கையே இயந்திரத்தை வெல்கிறது. குழாயைத் திறந்துவிட்டபடி கழுவும் வழக்கம்தான் தோற்கிறது. இந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது டிஷ்வாஷர் தயாரிக்கும் வேர்ல்பூல் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புதிய இயந்திரங்கள் மீதான கசப்பில் ஒரு பங்கு இயந்திரத்தைச் சேர்ந்ததே அல்ல. பாஸ்பேட் கடினநீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடியில் வெண்படலம் படியவிடாது. அதே பாஸ்பேட் ஏரிகளில் சேர்ந்து பாசியை வளர்த்து மீன்களைக் கொன்றது. 2010 ஜூலையில் பத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் டிஷ்வாஷர் சோப்பில் பாஸ்பரஸை 0.5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரியில் அதேபோன்ற வரம்பைக் கொண்டுவந்தது. திடீரென்று தட்டுகள் மங்கலாக வந்தபோது பலர் நல்ல இயந்திரத்தைக் குறைசொன்னார்கள், சிலர் மாற்றியும் விட்டார்கள். சோப்புத் தயாரிப்பாளர்கள் மாற்று வேதிப்பொருள்களைக் கண்டு தேறச் சில ஆண்டுகள் ஆயின.

பாதுகாப்பின் கதை இதைவிடக் கவலை தருவது. பழைய அமெரிக்க இயந்திரங்களின் அடியில் ஹீட்டர் கம்பி மூடாக்கின்றிக் கிடக்கும். மேல்தட்டிலிருந்து நழுவிய பிளாஸ்டிக் மூடி அதன்மேல் விழுந்தால் உருகிக் கருகும். இன்றைய பல மாடல்களில் ஹீட்டர் அடித்தளத்துக்குள் மறைந்திருக்கிறது. உலர்த்துவதற்கும் கம்பிச் சூடு தேவைப்படுவதில்லை. நீராவியைக் குளிர்ந்த சுவரில் படியவிட்டும், ஈரத்தை உறிஞ்சும் சியோலைட் கனிமத்தை வைத்தும், சுற்று முடிந்ததும் கதவைத் தானே சற்றுத் திறந்தும் காயவைக்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் நிற்பது இதற்குக் கொடுக்கும் விலை.

ஆனால் தீ விபத்தின் வேர் ஹீட்டரில் மட்டும் இல்லை. 1999-இல் ஜெனரல் எலக்ட்ரிக் 1983-89 காலத்து இயந்திரங்கள் 31 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. சூட்டோடு உலர்த்தவா, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவா என்று தேர்ந்தெடுக்கும் சிறு ஸ்விட்ச் நாளாவட்டத்தில் உருகித் தீப்பற்றக் கூடியதாக இருந்தது. சிக்கனத்துக்காகச் சேர்த்த பாகமே அபாயமானது. 2007-இல் மேடாக் 23 லட்சம் இயந்திரங்களைத் திரும்ப அழைத்தது. பாத்திரத்தைப் பளபளப்பாக்கும் ரின்ஸ் எய்ட் திரவம் கசிந்து உள்வயரிங்கில் பட்டு மின்கசிவு ஏற்பட்டது. 135 தீ நிகழ்வுகள் பதிவாயின. 2017-இல் பாஷ் குழுமம் அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களின் மின்கம்பியை மாற்ற அழைத்தது. அது மேலதிகமாகச் சூடேறும் என்பதே காரணம். மூன்றும் வெவ்வேறு தலைமுறை இயந்திரங்கள். புதியது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

நீர்க்கசிவில் முன்னேற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாதது. அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பிக் குழாய் வால்வை அடைத்துவிடும் அமைப்பு இப்போது பல ஐரோப்பிய இயந்திரங்களில் உண்டு. சத்தமும் முன்பு அறுபது டெசிபெல்லுக்கு மேல் இருந்தது, இன்றைய நல்ல மாடல்களில் நாற்பதுக்குப் பக்கம் வந்துவிட்டது.

வேதிப்பொருளில் நிலைமை கலவையானது. பழைய காரத்தூள் குழந்தையின் வாயில் போனால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் அளவுக்குக் கொடியது. இன்றைய சோப்பின் காரம் பெரும்பாலும் குறைவு. ஆனால் வண்ண வண்ணமாக மிட்டாய் போல் இருக்கும் கேப்ஸ்யூல்கள் குழந்தைகளை ஈர்க்கின்றன. உறையை ஈரக்கையால் தொட்டாலே கரைகிறது.

கிருமியைப் பற்றியும் ஒரு சொல். மனிதக் கை தாங்கும் சூட்டைவிட அதிகமாக, 65 டிகிரிக்கு மேல் கடைசி அலசலைச் செய்யும் சுற்றுகள் 99.999 சதவீத பாக்டீரியாவை அழிக்கும் என்று அமெரிக்கத் தரச்சான்று எதிர்பார்க்கிறது. குறைந்த சூட்டில் ஓடும் சுற்றுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் லியூப்லியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 நாடுகளின் 189 டிஷ்வாஷர்களின் கதவு ரப்பரைச் சுரண்டிச் சோதித்தார்கள். 62 சதவீதத்தில் பூஞ்சை இருந்தது. சூட்டையும் உப்பையும் காரத்தையும் தாங்கும் கறுப்பு ஈஸ்ட் வகைகள் அதில் முதன்மை. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு இதனால் நோய் வருவது அரிது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர் இருக்கும் வீட்டில் கதவு ரப்பரைத் துடைத்து வைப்பது அவசியம்.

பழைய இயந்திரம் உறுதியாக மிஞ்சும் ஓர் இடம் ஆயுள். ஹோபார்ட் கட்டிய பழைய கிச்சன்எய்ட்கள் பல பத்தாண்டுகள் ஓடின. எளிய டைமர், கனத்த மோட்டார், திருகினால் கழலும் பாகங்கள். இன்று சர்க்யூட் போர்டு ஒன்று போனால், மாற்றும் செலவு புதிய இயந்திரத்தில் பாதியை எட்டிவிடுகிறது. மிச்சம் பிடித்த தண்ணீரையெல்லாம் குப்பையாகும் இரும்பு தின்றுவிடும் நிலை இது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் உதிரிபாகங்களை ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதித்திருப்பது அதனால்தான் முக்கியம்.

இந்தியச் சமையலறையில் இந்த வரலாறு இன்னும் இளமையானது. 2020 பொதுமுடக்கத்தில் வீட்டுவேலைக்கு வருபவர்கள் வர முடியாமல் போனபோதுதான் டிஷ்வாஷருக்கு இங்கே பெருந்தேவை பிறந்தது. எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலிக்கென்று தனிச் சுற்றுகளை நிறுவனங்கள் சேர்த்தன. இரும்புத் தோசைக்கல்லை உள்ளே வைத்தால் எண்ணெய் ஊறிய பதம் போய்த் துருப்பிடிக்கும், அலுமினியம் கறுக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில், நீரை மென்மையாக்கும் அறையில் அதற்குரிய உப்பை நிரப்பாவிட்டால் எந்த விலை இயந்திரமும் வெண்படலத்தைத்தான் தரும்.

வாங்கப் போகிறவர்கள் விலையையும் மின்திறன் முத்திரையையும் பார்ப்பதோடு, பம்ப்பும் போர்டும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் குறித்து, தயாரிப்பாளரின் திரும்ப அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். கத்தியை நுனி கீழே இருக்கும்படி வையுங்கள். கேப்ஸ்யூல் டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எல்லோரும் தூங்கும்போதோ வீட்டில் ஆள் இல்லாதபோதோ ஓடவிடாதீர்கள்.