அப்பீல் பிறந்த கதை

களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளைக்குள் நுழைந்தால் பள்ளி விளையாட்டின் விதிப்புத்தகமே மாறிவிடும். இந்தப் பக்கம் பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி. அந்தப் பக்கம் பாறசாலை உபஜில்லா மேளா. அதில் தேறினால் திருவனந்தபுரம் ஜில்லா, பிறகு மாநிலம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் என்று கோடு விழுந்ததன் விளைவு இது.

கேரளப் பக்கத்தில் மேளா என்றால் கூடவே அப்பீலும் உண்டு. அது கொடிகட்டிப் பறப்பது பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில். ஜில்லா அளவில் இரண்டாமிடம் வந்த பிள்ளை பணம் கட்டி அப்பீல் கொடுக்கும். அங்கே நடக்கவில்லையென்றால் பெற்றோர் நீதிமன்றம் போவார்கள், குழந்தைகள் உரிமை ஆணையம் போனதும் உண்டு. கலையிலும் விளையாட்டிலும் வெல்வதற்குக் கிரேஸ் மார்க் உண்டு என்பதால், மேடையில் போன ஒரு இடம் பரீட்சை மார்க்கிலும் போகும். 2018-இல் திருச்சூர் கலோத்சவத்தில் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பெயரிலேயே போலி அப்பீல் உத்தரவுகள் வந்து, ஆட்கள் கைதானார்கள். கள்ள நோட்டு அடிப்பவன் செல்லாத காசை அடிப்பதில்லை. அப்பீலின் மதிப்பு அவ்வளவு.

ஆனால் இது முடிவு வந்தபின் கேட்கும் அப்பீல். தண்டிப்பதற்கு முன் 'நீ என்ன சொல்கிறாய்' என்று கேட்பது வேறு சங்கதி. அதன் கதை இன்னும் பழையது.

1718-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை அவரிடம் விளக்கம் கேட்காமலே பறித்தது. வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதி ஃபோர்ட்டெஸ்க்யூ ஏதேன் தோட்டத்தைச் சாட்சிக்கு அழைத்தார். கடவுளே ஆதாமை வெளியேற்றுவதற்கு முன் கூப்பிட்டு விசாரித்தார்; பல்கலைக்கழகம் அதற்கும் மேலா என்பது அவர் வாதம். பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. லண்டன் மிஷன் வேரூன்றிய பாறசாலை, அமரவிளைப் பக்கத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இந்த ஆதாம் கதை தெரியும். அதை ஒரு சட்ட வாதமாக யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வாதத்தை வாங்கித் தந்தவர்கள் உத்தரப் பிரதேசத்து இன்டர்மீடியட் மாணவர்கள் மூன்று பேர். 1954 தேர்வில் தேறியவர்கள். பிறகு காப்பியடித்ததாகச் சொல்லி, அவர்களிடம் எதுவும் கேட்காமல் தேர்வு வாரியம் முடிவை ரத்து செய்தது. கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் வந்தது. மாணவனின் எதிர்காலத்தைத் தொடும் முடிவை எடுக்கும் குழு அவன் பக்கத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று 1962-இல் தீர்ப்பு. ஏழு ஆண்டுகளுக்குள் கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒரு வழக்கு போனது, சுரேஷ் கோஷி ஜார்ஜ் வழக்கு. அதில் நீதிமன்றம் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது: மாணவனை விசாரித்துவிட்டால் போதும், விசாரணை அறிக்கையின் நகலையும் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தீர்ப்புதான் நம் கதைக்கு முக்கியம். 1970, பீகார். ஒரு தேர்வு மையத்தில் கூட்டமாகக் காப்பியடித்ததாக மையத்தின் தேர்வையே வாரியம் ரத்து செய்தது. ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமா? வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். தனியாக யார்மீதும் குற்றம் சுமத்தவில்லை, தேர்வு நடந்த விதமே சரியில்லை, எல்லோரும் மறுபடி எழுதலாம் என்பது காரணம்.

அமெரிக்காவில் 1975-இல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கு வந்தது. பத்து நாள் இடைநீக்கத்துக்கும் முன்னால் குற்றத்தைச் சொல்லி மாணவனின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்றானது. ஆனால் விளையாட்டு அணியில் இடம் பெறுவது மட்டும் அப்படிப்பட்ட உரிமை அல்ல என்றே அங்குள்ள நீதிமன்றங்களில் பெரும்பாலானவை சொல்லிவந்தன. அங்கே கிரேஸ் மார்க் இல்லை!

இனி கொச்சி. 2024 நவம்பரில் கேரளத்தின் பள்ளி விளையாட்டு மேளா முதல் தடவையாக ஒலிம்பிக்ஸ் பாணியில் நடந்தது. நிறைவு விழாவில் சிறந்த பள்ளிகளின் பட்டியல் அறிவிக்கப்பட்டபோது இரண்டாமிடம் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா ஸ்போர்ட்ஸ் பள்ளிக்குப் போனது. விளையாட்டுப் பள்ளிகளைப் பொதுப் பள்ளிகளோடு சேர்த்து எண்ணுவது முன்பு வழக்கமில்லை என்று திருநாவாய நவமுகுந்தா பள்ளியும் கோதமங்கலம் மார் பேசில் பள்ளியும் கொதித்தன. பிள்ளைகள் மைதானத்தில் எதிர்ப்புக் காட்டினார்கள், போலீஸ் தலையிட்டது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையை வைத்து, அடுத்த மேளாவில் இரண்டு பள்ளிகளும் பங்கேற்கக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது.

பீகார் தீர்ப்பை இந்த உத்தரவோடு வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். அங்கே நடந்துமுடிந்த தேர்வு ரத்தானது, எழுதியவர்களுக்கு மறுவாய்ப்பு இருந்தது. இங்கே நடக்கப்போகும் போட்டி மூடப்பட்டது. கோஷம் போட்ட பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அடுத்த மேளாவுக்குள் பள்ளியைவிட்டே போயிருக்கும். தண்டனை விழுவது கொச்சியைப் பார்த்திராத எட்டாம் வகுப்புக்காரன் தலையில். தலைமையாசிரியரை எவ்வளவு நேரம் விசாரித்தாலும் அது அவனை விசாரித்ததாகாது. இதையே சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களை வளர்த்த பொழியூர்க் கடற்கரையில் ஒரு பள்ளிக்குச் செய்தால், ஊரின் ஒரு வருடப் பந்தாட்டமே முடங்கும். ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. விழா மேடையைப் பிள்ளைகளை முன்னிறுத்தி மறிப்பது ஆசிரியர்களுக்கு அழகில்லை. தூண்டியவர் யாரென்று தெரிந்தால் அவர்மேல் நடவடிக்கை எடுக்கலாமே. பள்ளியைத் தடுப்பது எளிது, ஆளைக் கண்டுபிடிப்பது வேலை. உத்தரவு எளிய வழியில் போய்விட்டது என்றே எனக்குப் படுகிறது.

தடகளத்தில் முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் ஓடியவர் ஆட்சேபம் சொல்லலாம். நடுவரிடம், பிறகு ஜூரியிடம். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இப்படி ஒரு படிக்கட்டு உலகமெங்கும் இருக்கிறது. ஒரு வருடத் தடைக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்ற பேச்சு கொச்சி விவகாரத்தில் எழுந்திருக்கலாம். எழுவதற்குள் கதை முடிந்துவிட்டது. 2025 ஜனவரியில் இரண்டு பள்ளிகளும் வருத்தம் தெரிவித்தன. கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி தடையை விலக்கினார்.