ஈர்ப்பு விசையிலிருந்து ஆற்றல்

ஈர்ப்பு விசையைக் கொண்டே ஒரு பொறியை ஓயாமல் ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. இரண்டாம் பாஸ்கரரின் 'சித்தாந்த சிரோமணி' (1150) ஆரங்களில் பாதரசம் அடைத்த, தானே சுழலும் சக்கரம் ஒன்றை விவரிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வியார் த ஒன்கூர், விளிம்பில் சுத்திகள் தொங்கும் சக்கரத்தை வரைந்தார். இறங்கும் பக்கத்துச் சுத்திகள் அச்சிலிருந்து தள்ளி நிற்கும், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. ஏறும் பக்கத்தில் அவை அச்சை ஒட்டி நிற்கும், எண்ணிக்கையில் அதிகம். இரண்டும் ஈடாகிவிடுவதால் சக்கரம் நின்றுவிடும். இத்தகைய பொறிகளை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல் அறிவித்தது. ஆற்றல் அழிவின்மையை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இல் நிறுவியபோது காரணமும் தெளிவானது: விழும் பொருள் தருவது, அதைத் தூக்கியபோது செலவான ஆற்றலையே.

எடைக் கடிகாரத்துக்கு அந்த ஆற்றலைக் கொடுத்தது சாவி முடுக்கிய கை. நீர்மின் நிலையத்துக்குக் கொடுப்பது கடல்நீரை ஆவியாக்கி மலையேற்றும் வெயில். அளவும் சொற்பம்தான். ஒரு டன் எடை 100 மீட்டர் இறங்கினால் கிடைப்பது 0.27 யூனிட் மின்சாரம். அதனால்தான் மலையளவு நீர் வேண்டியிருக்கிறது. ஆனைமலையிலுள்ள கடம்பாறை நிலையம் (400 மெகாவாட்) மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலேற்றி, தேவை கூடும்போது இறக்குகிறது. ஏற்றச் செலவிடுவதைவிட இறக்கும்போது கிடைப்பது குறைவே. ஆனாலும் மின்சாரத்தைப் பெருமளவில் சேமிக்க இதைவிடத் தேர்ந்த வழி நெடுங்காலம் இருக்கவில்லை.

ஓதங்களின் கதை வேறு. பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் 1966 முதல் இயங்கும் 240 மெகாவாட் நிலையத்துக்குத் தீனி பூமியின் சுழற்சி. நிலவின் ஈர்ப்பு அச்சுழற்சிக்கு மெல்ல முட்டுக்கட்டை போடுகிறது. நாள் நீள்கிறது, நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. விலகிச் செல்கிறது.

ஈர்ப்பே உண்மையான ஊற்றாக இருக்கும் இடம் விண்வெளி. சூரியன் சுருங்குவதால்தான் ஒளிர்கிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1854இல் கருதினார். கெல்வினும் அதையே வற்புறுத்தினார். சூரியனின் நெடிய வயதுக்கு அது போதாது. அங்கே எரிவது அணுக்கரு இணைவு. ஆனால் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களுக்கு அவர்கள் கணக்கு இன்றும் பொருந்துகிறது. ஹைட்ரஜன் இணைவில் நிறையின் 0.7 விழுக்காடு ஆற்றலாகிறது. சுழலாத கருந்துளையைச் சுற்றி வட்டமிட்டு உள்ளே விழும் வாயுவோ ஏறத்தாழ 6 விழுக்காட்டை வெளியிடுகிறது. கருந்துளை சுழன்றால் இன்னும் கூடுதல். குவேசார்கள் இப்படித்தான் ஒளிர்கின்றன.