சார்லஸ் பிராட்லா: நாடாளுமன்ற வாழ்க்கை

சார்லஸ் பிராட்லா (26 செப்டம்பர் 1833 – 30 ஜனவரி 1891) பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையில் நார்த்தாம்ப்டன் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். ஊரறிந்த நாத்திகர், முடியாட்சியை எதிர்த்தவர். 1880இல் தேர்தலில் வென்ற அவர், தடையில்லாமல் பதவிப் பிரமாணம் செய்துகொள்ள 1886 வரை போராட வேண்டியிருந்தது. இடையே மூன்று இடைத்தேர்தல்கள் நடந்தன. மூன்றிலும் அந்தத் தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது.

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தார். இளமையில் ராணுவத்தில் சேர்ந்து அயர்லாந்தில் இருந்தார். பிறகு தாமும் குமாஸ்தாவாகி, சட்டத்தை வேலையிலிருந்தே கற்றார். பட்டம் பெறாத அந்தச் சட்ட அறிவுதான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது. 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார். கருத்தடை பற்றிய நூலொன்றை மறுபதிப்புச் செய்ததற்காக 1877இல் அவர்மீது வழக்கு நடந்தது. உடன் குற்றம் சாட்டப்பட்டவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் சென்னை அடையாறிலிருந்து பிரம்மஞான சபையை நடத்திய அதே பெசன்ட் அம்மையார்.

நார்த்தாம்ப்டன் காலணித் தொழிலாளர்களின் ஊர். 1868இல் ஒருமுறையும் 1874இல் இருமுறையும் அங்கே தோற்ற பிராட்லா, 1880 பொதுத் தேர்தலில் ஹென்றி லபூஷேருடன் சேர்ந்து வென்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி.

மே 3 அன்று, கடவுள்மேல் ஆணையிடாமல் உறுதிமொழி மட்டும் கூறிப் பதவியேற்க அனுமதி கேட்டார். நீதிமன்றங்களில் இறைநம்பிக்கை இல்லாதவர்களுக்கு அந்த உரிமையைச் சட்டம் ஏற்கெனவே தந்திருந்தது. அது அவைக்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். விசாரித்த குழுவில் வாக்குகள் சரிசமமாகப் பிரிய, தலைவரின் வாக்கால் கோரிக்கை வீழ்ந்தது. அப்படியானால் வழக்கமான ஆணையையே எடுக்கிறேன் என்றார். ஆனால் அதிலுள்ள கடவுள் பற்றிய சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்றும், வாக்குறுதி மட்டும் தம் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும் என்றும் பத்திரிகையில் எழுதிவிட்டார். தந்திரம் தெரிந்தவர் அதை எழுதியிருக்க மாட்டார். நாத்திகன் பொய்யாணை எடுக்க வருகிறான் என்று எதிரிகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ராண்டால்ஃப் சர்ச்சில் பிராட்லாவின் முடியாட்சி எதிர்ப்புப் பிரசுரமொன்றை அவையிலேயே தரையில் எறிந்து மிதித்தார்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் ‘கடவுள் அறிய’ என்றோ ‘உளமார’ என்றோ விரும்பியபடி பதவியேற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தத் தேர்வு அவருக்கு மறுக்கப்பட்டதன் கடுமை சட்டென்று உறைக்காது.

ஜூன் 22 அன்று ஆணை, உறுதிமொழி இரண்டையுமே அவை மறுத்தது. மறுநாள் வெளியேற மறுத்த பிராட்லா கடிகாரக் கோபுரத்து அறையில் அடைக்கப்பட்டு, அடுத்த நாள் விடுவிக்கப்பட்டார். ஜூலையில், வழக்கு வந்தால் அவர் பொறுப்பு என்ற நிபந்தனையோடு உறுதிமொழி கூற அனுமதி கிடைத்தது. அவர் அமர்ந்தார், வாக்களித்தார். உடனே வழக்கும் வந்தது. பிரமாணம் செய்யாமல் அளிக்கும் ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுண்டு அபராதம். 1881 மார்ச்சில் தீர்ப்பு எதிராக வர, பதவி போனது. ஏப்ரல் இடைத்தேர்தலில் 132 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார்.

1881 ஆகஸ்ட் 3 மக்களவை வரலாற்றில் ஒரு கறுப்பு நாள். வெளியே ஆதரவாளர்கள் மனுக்களோடு திரண்டு நிற்க, உள்ளே நுழைய முயன்ற பிராட்லாவைப் போலீசாரும் அவைப் பணியாளர்களும் சேர்ந்து படிக்கட்டு வழியே இழுத்துச் சென்று முற்றத்தில் தள்ளினார்கள். ஆஜானுபாகுவான மனிதர், கோட்டு கிழிந்து, முகம் வெளுத்து நின்றார். ஒரு கை அசைத்திருந்தால் கூட்டம் உள்ளே பாய்ந்திருக்கும். அவர் அசைக்கவில்லை.

1882 பிப்ரவரி 21 அன்று இன்னொரு வழியைக் கையாண்டார். விறுவிறுவென மேசையருகே நடந்து, சட்டைப் பையிலிருந்து தாமே கொண்டுவந்த புதிய ஏற்பாட்டையும் தாளையும் எடுத்து, ஆணையைத் தாமே வாசித்து, கையெழுத்திட்டு, போய் அமர்ந்தார். மறுநாள் அவரை அவையிலிருந்தே நீக்கினார்கள். நார்த்தாம்ப்டன் 108 வாக்கு வித்தியாசத்தில் திருப்பி அனுப்பியது. 1884 இடைத்தேர்தலில் வித்தியாசம் 368 ஆனது.

பிரதமர் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த மதப்பற்றுள்ளவர். அவரே 1883இல் உறுதிமொழி மசோதாவுக்காக உருக்கமாக வாதாடினார். மசோதா 3 வாக்குகளில் தோற்றது. 1884இல் ‘பிராட்லா எதிர் காசெட்’ வழக்கில், அவையின் உள்விவகாரத்தில் தலையிட முடியாதென நீதிமன்றம் கைவிரித்தது. நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றிய விவாதங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

முடிச்சு அவிழ்ந்த விதம் மிக எளிது. 1886 ஜனவரி 13 அன்று, புதிய நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஆர்தர் பீல், பதவியேற்க வரும் உறுப்பினரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்றார். பிராட்லா ஆணையெடுத்து அமர்ந்தார். ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கக்கூடிய சொற்கள் அவை. சண்டையில் கடவுள் பெயர் அடிபட்டாலும், பறிபோனது நார்த்தாம்ப்டன் வாக்காளர்களின் தீர்ப்புதான்.

எஞ்சிய ஐந்தாண்டுகளை அவர் வீணாக்கவில்லை. உறுதிமொழியை அனைவருக்கும் உரிமையாக்கிய 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்தது. தனிமனித உரிமையை வலியுறுத்திய அவர் சோஷலிசத்தை ஏற்கவில்லை. இளைய தொழிலாளர் தலைவர்கள் விலகிப் போனதற்கு அது ஒரு காரணம். இந்தியாவின் குறைகளை அவையில் ஓயாமல் எழுப்பியதால் ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என அழைக்கப்பட்டார். கடும் நோயிலிருந்து தேறி, 1889 டிசம்பரில் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். அங்கே கூடிய பிரதிநிதிகள் 1,889 பேர். இந்தியச் சட்டசபைகளைச் சீர்திருத்தும் மசோதா ஒன்றையும் 1890இல் முன்வைத்தார். சென்னையில் 1880களில் ‘தத்துவ விவேசினி’ இதழை நடத்திய பகுத்தறிவாளர்களுக்கு அவரது இயக்கம் முன்மாதிரியாக இருந்தது.

1891 ஜனவரி 30 அன்று இறந்தார். புரூக்வுட் இடுகாட்டில் நடந்த அடக்கத்துக்கு வந்தவர்களில், லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது காந்தியும் ஒருவர். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, 1880 ஜூன் 22ஆம் தேதித் தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்க மக்களவை ஒப்புக்கொண்டிருந்தது. நினைவிழந்து கிடந்த பிராட்லாவுக்கு அந்தச் செய்தி எட்டவே இல்லை.