எம்.எஸ்ஸி. இல்லாத ஆய்வேடு

பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற ஆய்வேடுகளோடு பட்டம் பெறாத ஒன்றும் பைண்டு செய்யப்பட்டு இருக்கிறது. எழுதியவர் அன்னா மணி.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் ஆனர்ஸ் முடித்தவர். 1940இல் உதவித்தொகையோடு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு, சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். வைரங்களின் ஒளிர்வுதான் ஆய்வு. நிறமாலை தட்டில் பதிய 15, 20 மணி நேரம்கூட ஆகும்; ராத்தங்கித்தான் வேலை. தன் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைக் கொடுத்தால், எம்.எஸ்ஸி. இல்லையே என்றது சென்னைப் பல்கலைக்கழகம். இத்தனைக்கும் அவர் ஆனர்ஸ் படித்ததே அதன்கீழ் இருந்த கல்லூரியில்தான்.

விதி எல்லாருக்கும் பொதுதானே என்பார்கள். இருக்கட்டும். ஐந்து வருஷம் வேலை வாங்கும்போது அந்த விதி எங்கே போயிருந்தது? அதே கூடத்தில் உழைத்த சுனந்தா பாய்க்கும் டாக்டர் பட்டம் வரவில்லை. நிறுவனம் இடம் கொடுத்தது, கருவி கொடுத்தது. அங்கீகாரம் என்று வந்தபோது கை மடங்கிக்கொண்டது. இதை நான் தற்செயல் என்று வாசிக்கமாட்டேன்.

அன்னா மணி 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பட்டம் இல்லாததை அவர் பெரிதுபண்ணவில்லை. அது அவருடைய திடம். அதைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வரவு வைக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.